கறுத்த ஆயில் கெட்ட ஆயிலா?

கேள்வி: என் பிஎஸ்-6 டீசல் காரில் புது ஆயில் ஊற்றிய சில நாளிலேயே கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறதே, மாற்றிவிடவா?

பதில்: வேண்டாம். புகைக்கரியை இன்ஜினில் படியவிடாமல் தானே சுமப்பதுதான் ஆயிலின் வேலை. நிறத்தை விடுங்கள், அளவைப் பாருங்கள். புகைக்குழாயிலுள்ள டிபிஎஃப் வடிகட்டி, சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி செல்சியஸில் எரிக்கும். அதற்காக இன்ஜினுக்குள் கூடுதலாகப் பீய்ச்சும் டீசலில் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். எரிப்பு முடியுமுன் அடிக்கடி வண்டியை அணைத்தால் கலப்பு கூடி, ஆயில் நீர்த்துவிடும். எனவே கடைத்தெருவோடு நிற்காமல், அவ்வப்போது நெடுஞ்சாலையிலும் ஓட்டுங்கள். கையேடு சொல்லும் சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்றுங்கள். கரி எரிந்துபோகும், சாம்பல் வடிகட்டியிலேயே தங்கிவிடும். சம்பளம் ஏறினால் கொண்டாடலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஏறினால் உடனே மாற்றியாக வேண்டும்!