பூச்சியத்தை நம்பாதை, மருமோன்

மருமோன், உந்த மஞ்சள் மீற்றரை இடுப்புப்பட்டியில கொழுவிக்கொண்டு மல்லாவிச் சந்தியைச் சுத்தினது காணும். ஊருக்கே விளங்கீட்டுது. யோகபுரத்தில இருந்து வந்த ஒரு மனிசி, "உங்கட மருமோன் இஞ்சினியரா வந்திட்டாராமே" எண்டு கேட்டுது. நானும் ஓமெண்டு தலையை ஆட்டிவிட்டன். நாளைக்குக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் அடிக்க வேண்டி வந்தா, பேருக்கு முன்னால போட ஒரு பட்டம் வேணும்தானே.

முகத்தைச் சுழிக்காதை. இஞ்சால வந்து இரு, மாமி தேத்தண்ணி கொண்டருவா. அதுக்கிடையில சாமானை மேசையில வை பாப்பம். சிவத்த வயர் எந்த ஓட்டைக்குள்ள கிடக்கு? பத்து அம்பியர் ஓட்டைக்குள்ள. வடிவு! நேற்று ஆற்றையோ வான் பற்றறியை நோண்டிப்போட்டு அப்பிடியே விட்டிருக்கிறாய். உதே கோலத்தில எங்கட சுவர்ப் பிளக்குக்குள்ள குத்தத்தானே வந்தனி?

கேள். வோல்ற் எண்டது வவுனிக்குளத்துக் கட்டில நிண்டுகொண்டு எத்தினை அடி தண்ணி நிக்குது எண்டு அளவுகட்டையைப் பாக்கிறது. பாத்துப்போட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வரலாம், தண்ணி உன்னைத் தொடாது. அம்பியர் எண்டது வாய்க்காலுக்குள்ள இறங்கி, ஓடுற தண்ணி முழுக்க உன்னைக் கடந்து போக விட்டு அளக்கிறது. அதுக்கெண்டு மீற்றர் தன்ர வயித்துக்குள்ள ஒரு தடிச்ச கம்பித்துண்டை வளைச்சு வைச்சிருக்கு. தடையெண்டு சொல்ல அதில ஒண்டுமில்லை. அதைக் கொண்டுபோய் 230 வோல்ற் லைனுக்கும் நியூற்றலுக்கும் குறுக்க வைச்சியெண்டா, குளக்கட்டை நடுவால வெட்டிவிட்ட கதைதான். குத்தின முனை உருகும், நெருப்புப்பொறி முகத்துக்கு வரும். உந்த மலிவு மீற்றரில அந்த ஓட்டைக்குப் பக்கத்தில பியூஸ் இல்லையெண்டு பொடி எழுத்தில அடிச்சும் கிடக்கு. ஆர் வாசிச்சது? டயலை வோல்ற்றிலதானே வைச்சனான் எண்டு நியாயம் கதைக்காதை. சிவத்த வயர் அந்த ஓட்டைக்குள்ள கிடக்குமட்டும் டயல் எங்க நிண்டாலும் கம்பித்துண்டு குறுக்கதான் கிடக்கும்.

கறுப்பு வயர் கொம் எண்ட ஓட்டைக்குள்ள. சிவப்பு, வி எண்டும் ஓம் குறியும் போட்ட நடு ஓட்டைக்குள்ள. அம்பியர் அளந்தா, அளந்த கையோட சிவப்பைக் கழட்டி நடுவுக்கு மாத்து. தேத்தண்ணி குடிக்கிறதெண்டாலும் அதுக்குப் பிறகுதான்.

இனி டயல். அலைக்கோடு போட்ட பக்கம் வீட்டுக் கரண்டுக்கு. நேர்கோடு போட்ட பக்கம் பற்றறிக்கு. உன்ர மீற்றரில அலைக்கோட்டுப் பக்கம் ரெண்டே ரெண்டு இடம் இருக்கு: 200, 750. வீட்டில நிக்கிறது 230. 200-இல வைச்சுக் குத்தினா இடப்பக்கத்தில தனிய ஒரு 1 வந்து நிக்கும். ஒரு வோல்ற்தானே எண்டு கையை வைக்கிற வீரனும் எங்கட பக்கம் இருப்பான். அது தன்ர அளவுக்கு மிஞ்சிப்போச்செண்டு மீற்றர் கையை விரிக்கிறது. எவ்வளவு வருமெண்டு தெரியாத இடத்தில எப்பவும் பெரிய இலக்கத்தில துவங்கிக் கீழ இறங்கு. பீப் எண்டு கத்துற இடத்தை வைச்சுக்கொண்டு மட்டும் கரண்ட் உள்ள வயருக்குக் கிட்டவும் போகாதை. அது கரண்டை நிப்பாட்டினாப் பிறகு வயர் அறுந்திருக்கோ எண்டு பாக்க.

உனக்குப் பயமில்லையெண்டு தெரியும். 230 எண்டு கண்டா நீயும் கையை எடுப்பாய், அந்தளவு அறிவு உன்ர அப்பன் தந்திருக்கிறான். எனக்குப் பயம் பூச்சியத்தில. பூச்சியத்தைக் கண்டவன்தான் வயரைப் பல்லால கடிச்சுச் சீவப் போறவன்.

நம்பேல்லையே? கொட்டிலுக்குள்ள என்ர பழைய லுமாலாச் சைக்கிள் கிடக்கு, கொண்டந்து கவிட்டு வை. டைனமோவைச் சில்லோட முட்ட விடு. உந்த டைனமோவை லேசா நினைக்காதை. 1996-இல கிளிநொச்சியை ஆமி பிடிச்சாப்பிறகு மல்லாவிதான் பட்டணம். வலிகாமத்துச் சனம், கிளிநொச்சிச் சனம், எல்லாம் இந்தச் சந்தியிலதான். லைன் கரண்ட் இல்லை. ரோச் பற்றறி தடைச்சாமான். மண்ணெண்ணெய் ஜாம்போத்தலுக்குள்ள சொட்டுச் சொட்டா எரிஞ்சுது. இரவில இப்பிடிச் சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தன் பெடலைச் சுத்த, வயரை இழுத்து றேடியோவில பிபிசி தமிழோசை கேப்பம். சுத்துறவனுக்குக் கை உளைஞ்சா லண்டனில செய்தி வாசிக்கிறவரும் களைச்சுப் போவார்.

சரி, சுத்து. கெதியா. லைற் எரியுதே? எரியுது. இப்ப மீற்றரை நேர்கோட்டுப் பக்கம் 20-இல வைச்சு, ரெண்டு முனையையும் டைனமோ வயரில பிடி. என்ன காட்டுது? பூச்சியத்துக்குப் பக்கத்தில நிண்டு துள்ளுது. கண்ணுக்கு முன்னால லைற் எரியுது, மீற்றர் ஒண்டுமில்லையெண்டு சாட்சி சொல்லுது. டயலை அலைக்கோட்டுப் பக்கம் 200-க்குத் திருப்பு. ஆ, இப்ப ஆறுக்குக் கிட்ட வருதெல்லே. பள்ளிக்கூடத்தில ஆடலோட்டம் எண்டு படிச்சிருப்பாய், படிச்சனியெண்டா. அங்கால போறதும் இஞ்சால வாறதுமா இருக்கிற கரண்டை நேரோட்டப் பக்கத்தில வைச்சு அளந்தா, போனதும் வந்ததும் கழிபட்டுப் பூச்சியம்தான் மிஞ்சும். எங்கட வீட்டுக் கரண்டும் உதே சாதி, செக்கனுக்கு 50 தரம் போய்வருது. டைனமோவில பிழை விட்டா நான் சிரிப்பன். பிளக்கில விட்டா மாமி அழுவா.

பூச்சியம் வேற வழியாலயும் வரும். வயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கும். மீற்றர் பற்றறி இறங்கியிருக்கும். முனை செப்பில படாமல் பிளாஸ்ரிக்கில நிக்கும். உந்தப் பதின்மூண்டு அம்பியர் சதுரப் பிளக்குக்குள்ள மூடி இருக்கெல்லே, அதில முட்டிக்கொண்டு நிண்டாலும் பூச்சியம்தான். கோல்ட் எண்டொரு பொத்தான் இருந்து அது அமத்துப்பட்டுக் கிடந்தா, முந்திக் காட்டின இலக்கத்தையே பிடிச்சுக்கொண்டிருக்கும். அதாலதான் சொல்லுறன்: கரண்ட் இருக்கெண்டு தெரிஞ்ச பிளக்கில முதல் பார், 230-க்குக் கிட்டக் காட்டட்டும். பேந்து வேலை செய்யப்போற இடத்தில பார். பூச்சியமெண்டா திரும்ப முதல் பிளக்குக்கு வந்து, மீற்றர் இன்னும் உயிரோட இருக்கோ எண்டு பார். அதுக்குப் பிறகு தொடு. சிரிக்கிற ஆக்கள் சிரிக்கட்டும்.

பூச்சியம்தான் பொய் சொல்லுமெண்டில்லை. கழட்டிவிட்ட வயரில 60, 80 எண்டு காட்டும். முந்தி வன்னியில பேயைப் புளியமரத்தில தேடினம், இப்ப அது சீலிங்குக்குள்ள வயரில குடியிருக்கு. பக்கத்து வயரில ஓடுற கரண்டு இதில ஒட்டுது. மீற்றர் எடுக்கிறது ஒரு துளி எண்டபடியால் அதுவும் இலக்கமாத் தெரியுது. ஒரு குண்டு பல்ப்பைக் கொழுவினா பேய் ஓடிப்போம். அதுமட்டும் உயிருள்ள வயரெண்டே நினை.

குத்தேக்க ஒரு கை காணும். கறுப்பு முனைக்குக் கிளிப் போட்டு முதல் நியூற்றலில பிடிக்க வை, பேந்து சிவப்பை லைனில வை. எடுக்கேக்க சிவப்பு முதல். மற்றக் கையைச் சாறத்துக்குள்ள செருகிக்கொள், கரண்ட் ஒரு கையால ஏறி மற்றக் கையால இறங்கினா நடுவில இருக்கிறது நெஞ்சு. காலில பாட்டா, கையில ஈரமில்லை. விரல் குத்துற முனையில இருக்கிற பிளாஸ்ரிக் வரம்புக்கு முன்னால போகக்கூடாது. மீற்றர் வயர் வெடிச்சு ரேப் சுத்தினதெண்டா எனக்குத் தா, வெங்காயம் கட்டுறன். ட்ரிப் சுவிச் இருக்கெண்டு நெஞ்சை நிமித்தாதை. 30 மில்லி அம்பியர் மண்ணுக்குக் கசிஞ்சா அது விழும். லைனையும் நியூற்றலையும் ரெண்டு கையால பிடிச்சா, உன்னையும் ஒரு பல்ப்பெண்டு நினைச்சுப் பேசாமல் பாத்துக்கொண்டிருக்கும்.

சதுரப் பிளக்கை நேர பாத்தா மேல ஏர்த், கீழ வலப்பக்கம் லைன், இடப்பக்கம் நியூற்றல். லைனுக்கும் நியூற்றலுக்கும் 230. லைனுக்கும் ஏர்த்துக்கும் 230. நியூற்றலுக்கும் ஏர்த்துக்கும் பூச்சியம் இல்லாட்டி ஒண்டு ரெண்டு. கடைசியில 230 வந்தா வயர் இழுத்த மேசன் லைனையும் நியூற்றலையும் மாறிக் கொழுவியிருக்கிறான். ஓம், எங்கட ஊரில மேசனும் வயர் இழுப்பான். ஏர்த்துக்கு 230 வந்தது எண்டு ஏர்த் நல்லமெண்டு எழுதிக் குடுத்திடாதை. ஆவணிக் காய்ச்சலில நிலம் வெடிச்சு ஏர்த் கம்பி காய்ஞ்சு நிக்கேக்கயும், உன்ர மீற்றர் குடிக்கிற துளிக்கு அது காணும். ஆபத்தில ஓடுற கரண்டுக்குக் காணாது.

தோட்டத்து மோட்டரும் உதே சங்கதிதான். மோட்டர் முக்குது, ஆனா பிளக்கில 225 இருக்கெண்டு நேற்றுச் சொன்னனி. ஓடாத நேரத்தில அளந்தா எல்லாம் வடிவாத்தான் இருக்கும். மின்சார சபையின்ர கணக்கு 230-க்கு மேல கீழ நூற்றுக்கு ஆறு, அதாவது 216-க்கும் 244-க்கும் இடையில. மோட்டரைப் போட்டுப்போட்டுப் பார். 180-க்கு விழுந்தா, கிணத்தடிக்கு நீ இழுத்த நூல் வயரில பிழை, இல்லாட்டி எங்கயோ முறுக்கு இளகிக் கிடக்கு. சைக்கிள் லைற்றைக் கழட்டிப்போட்டுச் சுத்து, இலக்கம் மேல பாயும். லைற்றைப் போடு, இறங்கும். உதுக்கு நான் கம்பசுக்குப் போகேல்லை.

இனி நீ போகக்கூடாத இடங்கள். யானைவேலிப் பக்கம் மீற்றரோட போகாதை. அந்த வேலிக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி செக்கனுக்கு ஒருக்கா ஆயிரக்கணக்கான வோல்ற்றில ஒரு அடி அடிக்கும். 750 மட்டும் பாக்கிற உன்ர சாமான் அந்த அடியிலேயே கண்ணை மூடும். அதுக்கெண்டு தனிய வேலி ரெஸ்ரர் இருக்கு. காட்டுப்பண்டிக்கு வீட்டு லைனை வயல் வேலியில கொழுவச் சொல்லி ஆரும் கூப்பிட்டா, மீற்றரை மட்டுமில்லை, சிநேகிதத்தையும் அங்கேயே விட்டிட்டு வா. அதில பண்டி மட்டுமில்லை, மனிசரும் சாவினம்.

மற்றது மீற்றர் பெட்டியும் போஸ்ற்றில இருந்து வாற வயரும். உன்ரயைப்போல கைமீற்றருகளில கற் 2, கற் 3, கற் 4 எண்டு போட்டிருக்கும். வோல்ற் எவ்வளவு எண்டதோட, இடி விழுந்து ஒரு கணம் ஆயிரக்கணக்கில பாயிறதை எவ்வளவு தாங்குமெண்ட கணக்கு அது. வீட்டுப் பிளக்குக்கு ரெண்டு, சுவருக்குள்ள ஓடுற வயருக்கும் பிரேக்கர் பெட்டிக்கும் மூண்டு, சபையின்ர வயர் வீட்டுக்கு வந்து சேர்ற இடத்துக்கு நாலு. உன்ர மஞ்சளில மூண்டெண்டு அடிச்சிருந்தாலும் வித்தவன்ர வாயை நம்புறனியோ எண்டு யோசி. ஐப்பசி இடி மல்லாவிக்கு எப்பிடி இறங்குமெண்டு உனக்குத் தெரியும். அந்தப் பெட்டிக்குச் சீல் வைச்சது உன்னைப்போல ஆக்களை மனசில வைச்சுத்தான். அங்க பிழையெண்டா சபைக்கு 1987 எண்டு அடி. இந்தியன் ஆமி வந்திறங்கின வருஷம் எண்டு நினைச்சா மறக்காது. அவையளும் திருத்திப்போட்டுப் போறமெண்டுதான் வந்தவை.

எங்க, நம்பரைச் சொல்லு பாப்பம்?