முன்சீப் வீடும் கலெக்டர் கோட்டையும்

ஓசூரில் மனை விலை எகிறுகிற எகிறலில், பழைய வீடு ஒன்று இடிபடாமல் தப்ப என்ன தகுதி வேண்டும்?
*(ஒரு வாசகர், பாகலூர்)*

அதில் ஒரு கவர்னர் ஜெனரல் பிறந்திருக்க வேண்டும்! பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10 அன்று கிராம முன்சீப்பின் மகனாக ராஜாஜி பிறந்த எளிய வீடு அப்படித்தான் அரசு நினைவில்லமாகிப் பிழைத்தது. இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டையைப் பார்த்து, சேலம் கலெக்டர் பிரெட் இதே ஓசூரில் கட்டிய கோட்டையோ இடிபாடாகிவிட்டது. கிராம முன்சீப் வீடு நிற்கிறது. கலெக்டர் கோட்டை போயே போச்சு.

பழைய கட்டடங்களைக் காக்கத் தனிச் சட்டம் கிடையாதா?
*(ஒரு வாசகி, கிருஷ்ணகிரி)*

ஏன் இல்லை? தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012இல் வந்தது, அமலுக்கு வந்தது 2024இல். குறிஞ்சிப் பூவுக்கும் அதே கணக்குதானே!

அதற்காக, பழைய வீட்டை இடிக்க விற்கும் வீட்டுக்காரரை மட்டும் திட்டாதீர்கள். மனை வாங்கப் பெங்களூருக்காரர் பணப்பெட்டியோடு வாசலில் நிற்கும்போது, ஓடு மாற்றும் செலவை வீட்டுக்காரருக்கு யார் தருவது? மும்பையில் 1995லேயே வழி செய்தார்கள்: பாரம்பரியக் கட்டடத்தை இடிக்காமல் விட்டால், அதனால் இழந்த கட்டுமானப் பரப்பை வேறிடத்துக்கு மாற்றி விற்கலாம்.