டாலெக்கும் குண்டலகேசியும்: ஒரு பூர்வாங்க ஆய்வின் முன்னோடிக் குறிப்புகளுக்கான அறிமுகம்

விஞ்ஞானக் கற்பனைத் தொலைக்காட்சித் தொடர்களை அப்படியே கதைப்புத்தகமாக்கி விற்ற காலம் ஒன்று இருந்தது. அந்தப் புத்தகங்களைப் பற்றித் தமிழில் ஆய்வு எதுவும் கண்ணில் படவில்லை. தேவையில்லை என்று விட்டிருக்கலாம். ஆனால் தேவையில்லை என்ற காரணத்தால் ஓர் ஆய்வு நின்றுபோனதாகப் பல்கலைக்கழகம் உள்ள எந்த ஊரிலும் வரலாறு இல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 1974 முதல் வளாகமும், அதன்வழிப் பல்கலைக்கழகமும் உண்டு.

முதலில் ஆய்வெல்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' விகடனில் தொடராக வந்து, பிறகே தூரதர்ஷனுக்குப் போனது. புத்தகம் முந்தி, படம் பிந்தி என்பதால் விலக்கப்படுகிறது, அதில் வரும் இயந்திர நாய் ஜீனோ மன்னிக்க. ஆர்தர் சி. கிளார்க்கின் '2001' படத்தோடு ஒட்டி 1968இல் வந்த நாவல். கொழும்பில் குடியிருந்தவர் என்பதற்காக அவரையும் சேர்க்கச் சொன்னார்கள். அது சினிமா, நிராகரிக்கப்பட்டது.

மிஞ்சுவன இரண்டு. ஒன்று, காணாமல் எழுதிய வகை. 'ஸ்டார் ட்ரெக்' தொடரை ஜேம்ஸ் பிளிஷ் 1967 முதல் தொகுதி தொகுதியாகக் கதையாக்கினார். பன்னிரண்டாவது முடியுமுன் அவர் இறந்துபோக, மனைவி அதை முடித்தார். பல பாகங்களைப் பார்க்காமலே, திரைக்கதைப் பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு எழுதினார் என்பது அவர்மீது உள்ள குறை. பார்த்ததைப் பற்றி மட்டுமே எழுதவேண்டும் என்று சட்டம் வந்தால், மேற்கோள் காட்டிய நூலை ஒருமுறையாவது திறந்திருக்கவேண்டும் என்ற சட்டமும் பின்னால் வரும். எத்தனை பேராசிரியர் கதிரைகள் வெறுமையாகும் என்று யோசித்துப் பார்த்தால் பிளிஷை மன்னிப்பதே நாட்டுக்கு நல்லது.

மற்றது, டாலெக் என்னும் எதிரிகள் வந்து மிரட்டும் பிபிசி தொடரான 'டொக்டர் ஹூ'. ஆய்வு இங்கேதான் ஆரம்பம்.

டார்கெட் வெளியிட்ட டொக்டர் ஹூ புத்தகம் பெரும்பாலும் 128 பக்கம். விரித்த பொருளதிகாரத்துக்குள் வைத்தால் மேலும் கீழும் இரண்டு விரல் இடம் மிச்சமிருக்கும். இப்படி ஒளித்து வாசிப்போர் உண்டு என்பது களஆய்வில் உறுதியாயிற்று (தரவு: சனசமூக நிலைய வாங்கு, இடது ஓரம்). தூரத்தில் நின்று பார்த்தால் கல்விமான். கிட்டப்போனால் கை காட்டிக்கொடுத்துவிடும்: பேராசிரியர் உரையை யாரும் அவ்வளவு வேகமாகப் பக்கம் புரட்டுவதில்லை. வெட்கப்பட்டே வாசிக்கிறார்கள், வெட்கப்பட்டும் விடாமல் வாசிக்கிறார்கள் (தரவு: மேற்படி வாங்கு, வலது ஓரம், இடது ஓரம் இதை மறுக்கிறது).

வெட்கம் எதற்கு? எல்லாம் ஒரேமாதிரி எழுத்து என்கிறார்கள். இக்குற்றச்சாட்டுக்கு விடை திருநெல்வேலியிலேயே இருக்கிறது. யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தவர். சங்க வீரப்பாடல்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. பாணர் ஒவ்வொரு அடியையும் புதிதாக யோசித்து மண்டையை உடைப்பதில்லை. கைவசம் உள்ள வாய்பாடுகளை இடமறிந்து பொருத்திப் பாடுகிறார் என்ற அறிஞர் மில்மன் பரியின் வழியில் நின்று அந்நூல் எழுதப்பட்டது. அந்தப் பரி யூகோஸ்லாவியாவில் மலை மலையாக ஏறிப் பாணரைத் தேடினார். அவர் இறந்தது 1935 டிசம்பரில். அதே ஆண்டு ஏப்ரலில் லண்டனில் பிறந்தவர் டெரன்ஸ் டிக்ஸ். பிற்காலத்தில் அறுபதுக்கு மேற்பட்ட டொக்டர் ஹூ கதைகளைப் புத்தகமாக்கியவர். பாணர் மரபு ஆளை மாற்றிக்கொள்ள எட்டு மாதம் எடுத்திருக்கிறது. இதைத் தற்செயல் என்போர் ஆய்வு மனப்பாங்கு இல்லாதவர்.

டிக்ஸின் வாய்பாடுகளைப் பாருங்கள். டொக்டர் பயணம் செய்யும் நீலப் பொலிஸ் பெட்டி எந்தக் கிரகத்தில் இறங்கினாலும் மூச்சிரைத்து முனகிக்கொண்டே இறங்கும். டொக்டர் அவ்வப்போது உருமாறுபவர்; மூன்றாம் டொக்டருக்கு எப்போதும் இளமையும் முதுமையும் கலந்த முகம். ஐந்தாமவருக்கு இனிய, வெள்ளந்தி முகம். சங்கப் புலவர் வேலுக்கும் முரசுக்கும் கடலுக்கும் செய்ததைத்தான் இவர் ஒரு பெட்டிக்குச் செய்தார். அங்கே செவ்வியல், இங்கே சலிப்பா?

வாய்பாட்டை இளக்காரமாகப் பார்க்கும் அறிஞர்கள் தத்தம் கட்டுரைகளை ஒருதரம் எடுத்துப் பார்க்கலாம். "ஈண்டு நோக்கற்பாலது." "மறுக்கவியலாத உண்மையாகும்." "மேலாய்வுக்குரியது." டிக்ஸின் முனகலுக்குப் பிறகு ஒரு பெட்டியாவது வந்திறங்கும். இவற்றுக்குப் பிறகு எதுவும் இறங்கக் காணோம். டிக்ஸின் வாக்கியம் ஒரு வரியில் முடியும். எங்கள் கல்விமான்களின் வாக்கியத்தில் பரமேஸ்வராச் சந்தியில் ஏறியவர் பலாலி வரை பயனிலையைத் தேடிக்கொண்டு போகவேண்டியதுதான்.

இனி மூலபாடம். 1963இல் தொடங்கிய இத்தொடரின் பழைய பாகங்கள் பலவற்றை, நாடா மறுபடி பாவிக்க உதவும் என்று பிபிசி தானே அழித்தது. ஏட்டைச் செல் அரிக்கும். இங்கே உரிமைக்காரரே அரித்தார். 2013இல் நைஜீரியாவிலிருந்து ஒன்பது பாகங்கள் மீண்டு வந்தபோதும் 97 காணாமலே இருந்தன. ஏடு தேடி அலைந்து 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளையிடம் விட்டிருந்தால் தேடிப் பிடித்து, பாடபேதமும் போட்டிருப்பார். வீட்டில் ஒலிப்பதிவு செய்து வைத்த ரசிகர்களால் சத்தம் தப்பியது. கதையைக் கையில் எடுத்து வாசிக்க இந்தப் புத்தகங்களே கதி.

குண்டலகேசியின் நிலை இதைவிட மோசம். ஐம்பெருங்காப்பியம் எவை என்று கேட்டால் பள்ளிப்பிள்ளையும் ஒப்புவிக்கும்; நூலோ சில பாடல்களாகவே எஞ்சியிருக்கிறது. கதையை நீலகேசி உரையிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். நீலகேசியோ குண்டலகேசியை மறுக்க எழுந்த நூல். எதிர்க்கட்சியின் உரைகாரர் சொன்ன கதையை நம்பிக் காப்பியம் என்று கும்பிடலாமாம். மூலத்தின் திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு, அதே தொடரில் 1968 முதல் 1974 வரை கதைப்பகுதியில் வேலையும் பார்த்த டிக்ஸை வாசித்தால் வெட்கமாம். (தரவு: மேற்படி வாங்கின் நடுவில் இருந்தவர், பேப்பர் மறைத்ததால் முகம் தெரியவில்லை, ஆயினும் காலாட்டிய விதம் உடன்பாட்டைக் காட்டிற்று. இக்காலாட்டம் உடன்பாடா, நுளம்புக்கடியா என்ற விவாதத்துக்கு இக்கட்டுரையாளரின் இன்னும் எழுதப்படாத நூலின் திருத்திய இரண்டாம் பதிப்பில், முன்னுரைக்கு முந்திய பக்கத்தின் அடிக்குறிப்புக்கு வந்த மறுப்பைப் பார்க்க.)

எனவே முடிபு: இப்புத்தகங்கள் உரைநூல்கள். டிக்ஸ் உரையாசிரியர். சந்தேகிப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம்: ஒன்றையாவது வாசித்துவிட்டுச் சந்தேகியுங்கள். அடுத்த ஆய்வரங்குக்கு வரும்போது பையில் போட்டுக்கொண்டு வாருங்கள், கடைசி வரிசையில் இருங்கள். 128 பக்கந்தான், தலைமையுரை முடியுமுன் முடிந்துவிடும்.