திருப்புட்குழிப் பாடம்: சிதைந்த கூலிக்கணக்கை மீட்பது குறித்து ஓர் ஆராய்ச்சி

சிதைந்த ஓலைச்சுவடியைப் பற்றித் தமிழில் எழுதியதை அடுக்கினால் ஒரு சுவடி நிலையமே நிறையும். சிதைந்த எக்செல் கோப்பைப் பற்றியோ ஒரு நூற்பாகூட இல்லை. நூற்பா இல்லாததால் உரை இல்லை. உரை இல்லாததால் மறுப்பும் இல்லை. நாட்டின் கணக்கு வழக்கெல்லாம் எக்செல்லுக்குக் குடிபோய்விட்ட காலத்தில் புலவர் உலகுக்கு இது பெரும் இழுக்கு. அதைத் துடைக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம், காஞ்சிபுரத்துக்கு மேற்கே பாலுசெட்டி சத்திரத்தை ஒட்டிய திருப்புட்குழி. ஏன் இவ்வூர் எனின், காரணம் இரண்டு. யாதவப்பிரகாசரிடம் இராமாநுசர் பாடம் கேட்ட ஊர் இது என்பது மரபு. உபநிடதத் தொடர் ஒன்றுக்குக் குரு குரங்கின் பின்புறத்தை உவமையாக்கிப் பொருள் சொல்ல, சீடர் கண்ணீர் விட்டார் என்கிறது குருபரம்பரை. பாடம் கெட்டால் அழவேண்டும் என்ற ஆய்வு நெறிக்கு இதைவிடப் பழைய சான்று தேவையில்லை. இரண்டாவது, இராமன் ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இடமும் இதுவே என்பது தலபுராணம். சிறகு வெட்டுண்டு கிடந்த பறவை, சீதையைக் கொண்டுபோனவன் யார், போன திசை எது என்பவற்றைச் சொல்லிவிட்டே உயிர் விட்டது. சிதைந்த கோப்பும் பாதி செத்த பிறகு சேதி வைத்திருக்கும். அதைக் கேட்காமல் ஈமக்கடனுக்கு விரைவது நம்மவர் வழக்கம்.

ஆய்வின் பொருட்டு இவ்வூரில் ஒரு தறிக்கூலிக் கணக்கு இருப்பதாகக் கொள்வோம். தறி எண், நெசவாளர் பெயர், கொடுத்த பட்டின் எடை, ஜரிகை எத்தனை மார்க், இறங்கிய சேலை, கூலி, முன்பணம், முன்பணம் வாங்கிய தேதி என்று எட்டுப் பத்தி. கோப்பின் பெயர் ‘கூலி புதுசு பைனல் 2 இதுதான்’. பக்கத்திலேயே ‘கூலி பைனல்’, ‘கூலி பைனல் பழசு’ என்ற இரண்டு. இவற்றுள் எது மூலபாடம், எது வழிபாடம் என்பதை இக்கட்டுரையாளரின் ‘கோப்பிலக்கணப் பெருங்கடல்’ முதல் தொகுதியில் காண்க (இன்னும் எழுதப்படவில்லை, பக். 14). இனி, சிதைவு ஐவகைப்படும்: போலிச்சிதைவு, மறதிச்சிதைவு, வாற்சிதைவு, பெயர்ச்சிதைவு, நாட்சிதைவு. போலிச்சிதைவாவது, பழைய தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் கணக்கு முழுதும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிவது. எழுத்துருவைப் போட்டால் தீரும். மறதிச்சிதைவாவது, கடவுச்சொல் போட்டவர் வேலையை விட்டுப் போய்விடுவது. இது இலக்கணத்தின் பாற்படாது.

வாற்சிதைவை அறியக் கோப்பின் உடற்கூறு அறிதல் வேண்டும். 2007 முதல் வழங்கும் எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. அதன் பெயரின் வாலை ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்தால், உள்ளே தாள்கள் தனி, சொற்கள் தனி, அலங்காரம் தனி என்று பல சிறு கோப்புகள் கிடக்கும். மூட்டையின் தொடக்கத்தில் ‘பி.கே.’ என்ற இரண்டு எழுத்து இருக்கும். ஜிப்பை வகுத்த பில் கேட்ஸின் முதலெழுத்துகள் அவை. இவர் மைக்ரோசாப்ட் பில் கேட்ஸ் அல்லர்; தமிழில் எழுதியதால் இருவரும் ஒருவராகிவிட்டனர். ஔவையார் எத்தனை பேர், நக்கீரர் எத்தனை பேர் என்று எண்ணி ஓய்ந்தவர்களுக்கு இனி இதில் இரண்டு முனைவர் பட்டமாவது தேறும். நிற்க. இம்மூட்டைக்குப் பொருளடக்கம் முன்னால் இல்லை, கடைசியில் இருக்கிறது. நகல் முடியுமுன் பென்டிரைவைப் பிடுங்கினால் அறுபடுவது வாலாகிய அந்தப் பொருளடக்கம். தொண்ணூறு பங்கு கணக்கு பத்திரமாக இருந்தும் எக்செல் திறக்க மறுக்கும். ஜிப் பழுதுபார்க்கும் கருவி கொண்டு உள்ளிருப்பவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதே இதற்கு மருந்து. பொருளடக்கம் இல்லாத நூல் நூலே அன்று என்பார் பல்கலைக்கழகங்களில் உளர்; எக்செல் அவர் மாணாக்கர் போலும்.

பெயர்ச்சிதைவு இதனினும் கொடிது. எக்செல் தாளில் எண்கள் அந்தந்தக் கட்டத்திலேயே கிடக்கும். சொற்களோ பொதுவாக ஒரே கிடங்கில் சேர்த்து வைக்கப்பட்டு, கட்டத்தில் அவற்றின் வரிசை எண் மட்டும் நிற்கும். கிடங்கு கெட்டால் பெயர்கள் போகும், கடன்கள் இருக்கும். எட்டாயிரம் ரூபாய் முன்பணம் நிற்கிறது, யார் பேரில் என்று தெரியாது. கணக்கெழுதுவோருக்கு இது பேரிடர், நெசவாளருக்கு அப்படிச் சொல்ல முடியாது.

நாட்சிதைவுக்கு வருவோம். பழுது பார்க்கும்போது அலங்காரக் கோப்பு நீக்கப்பட்டால் தேதிகள் ஐந்திலக்க எண்களாகக் காட்சி தரும். 2024ஆம் ஆண்டுப் பொங்கலன்று, அதாவது ஜனவரி 15 அன்று, வாங்கிய முன்பணத்தின் தேதி 45306 என்று நிற்கும். அதை ரூபாயாக வாசித்துக் கூட்டியவரைப் பழிப்பதற்கில்லை. பக்கத்துப் பத்தியும் ரூபாய்தான். 45306 ஏன்? எக்செல் 1900 ஜனவரி 1ஐ ஒன்றாம் நாள் என்று கொண்டு எண்ணுகிறது. ஆனால் விரல்விட்டு எண்ணிப் பார்த்தால் 45305தான் வரும். மிஞ்சிய ஒரு நாள் எது எனின், 1900 பிப்ரவரி 29. அப்படி ஒரு நாள் உலகில் விடியவே இல்லை. நானூறால் வகுபடாத நூற்றாண்டு லீப் ஆண்டாகாது. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் அதை லீப் ஆண்டாகக் கொண்டது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டி எக்செல் அப்பிழையை அறிந்தே ஏற்றது. முன்னோர் மொழிந்த பிழையைப் பொன்னேபோல் போற்றும் இக்குணத்துக்காகவே எக்செல்லைத் தமிழ்த்துறையில் சேர்க்கலாம். இதனோடு நில்லாது, பழைய மெக்கின்டாஷ் எக்செல் 1904இலிருந்து எண்ணிற்று. இரண்டுக்கும் இடைவெளி 1,462 நாள். வாக்கியம், திருக்கணிதம் என்று இரு பஞ்சாங்கம் வைத்து ஏகாதசிக்குச் சண்டையிடும் நமக்கு இது புதிதன்று. ஆயினும் நம் பஞ்சாங்கங்கள் நான்கு ஆண்டும் ஒரு நாளும் வேறுபட்டதில்லை. விடியாத அந்நாளின் திதி, நட்சத்திரம், இராகுகாலம் ஆகியவற்றைப் ‘பெருங்கடல்’ மூன்றாம் தொகுதி, 217ஆம் பக்கம், 9ஆம் அடிக்குறிப்பில் நிறுவியிருக்கிறோம். திருத்திய இரண்டாம் பதிப்பைப் பார்ப்பது நலம். முதற்பதிப்பு எழுதப்படாததால் திருத்தம் எளிதாயிற்று. இதற்கு எதிர்த்தரப்பார் எழுதப்போகும் கண்டனத்துக்கு நாம் எழுதிவைக்கப்போகும் கண்டனம் அதன் பின்னிணைப்பில், அவர் முன்னுரைக்கு முன்பாகவே அச்சாகும்.

மீட்பு நெறியில் இரண்டு சம்பிரதாயம் உண்டு. வடகலையார் குரங்குக்குட்டி நியாயம் சொல்வர்: குட்டிதான் தாயைப் பற்றவேண்டும், ஆகவே எழுதுவோனே அடிக்கடி சேமித்து, நகலெடுத்து, வேறிடத்தில் வைக்கக் கடவன். தென்கலையார் பூனைக்குட்டி நியாயம் சொல்வர்: தாயே கவ்விக்கொண்டு போகும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எக்செல் தானே மீட்பு நகல் வைக்கிறதன்றோ என்பர். இத்தானியங்கி நகல், மின்சாரம் போனாலும் எக்செல் கவிழ்ந்தாலும் காக்கும். பென்டிரைவிலிருந்த கோப்பே கெட்டால் காப்பதற்கில்லை. ஆகவே கணக்கு விஷயத்தில் குரங்கே வெல்லும் என்க. குருவின் உவமையில் பட்ட அவமானத்துக்கு அதற்கு இந்த அளவாவது ஈடு வேண்டும்.

‘இத்தனை ஆராய்ச்சி எதற்கு? எக்செல்லிலேயே திறந்து பழுதுநீக்கும் வசதி இருக்கிறதே’ எனின், அற்றன்று. அது செய்வது என்ன? தனக்கு விளங்காத சூத்திரத்தை எடுத்துவிடும், படிக்க முடியாத பகுதியைக் கழித்துவிடும், பிறகு இன்ன இன்னவற்றை நீக்கினேன் என்று ஒரு சிறு அறிக்கை காட்டும். அதை மூடிவிட்டால் கோப்பில் தழும்பே இருக்காது. தெரியாமல் போன இழப்பு எத்தகையது என்பதற்கு இங்கிலாந்து சான்று. 2020 செப்டம்பர் கடைசியில் அங்கே கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அவ்வடிவம் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான் கொள்ளும். மிஞ்சியவை ஓசையின்றி உதிர்ந்து, 15,841 பேர் தினசரிக் கணக்கில் வராமல் போயினர். கோப்பு அழகாகத்தான் திறந்தது. இதற்கு மறுதலையாக உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சிட்டதைக் காண்க. 267, 268ஆம் பாடல்கள் ஏடுகளில் கிடைக்கவில்லை. அவர் 269ஐ 267 என்று மாற்றி நூலைச் சீராக்கவில்லை. எண்ணை நிறுத்தினார், இடத்தை வெறுமையாக விட்டார். இல்லாத இரண்டு பாடல் இருந்தன என்று இன்றும் நமக்குத் தெரிவது அதனால்தான். மீட்பு என்பது ஓட்டையை மறைப்பது அன்று, ஓட்டை இருந்த இடத்தைக் காட்டுவது என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆகவே சிதைந்த கோப்பை முதலில் நகலெடுக்க, மூலத்தைத் தொடற்க, பழுதுநீக்கிய பாடத்தையும் மூட்டை பிரித்தெடுத்த பாடத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுக, காணாமற்போன வரிசைக்கு எண் கொடுத்து ‘சிதைவு’ என்று எழுதிவைக்க.

‘திருப்புட்குழி மரகதவல்லித் தாயார் வறுத்த பயறையே முளைக்க வைப்பவர், அவர் ஊரில் செத்த கோப்பு பிழைக்காதா?’ என்பார் சிலர். வறுத்த பயறு முளைக்கும் என்றுதான் நம்பிக்கை. தொலைந்த பயறு முளைக்கும் என்று யாரும் மடியில் கட்டிக்கொண்டு படுத்ததில்லை. நகல் வைத்திருப்போரே வேண்டிக்கொள்ளத் தகுதியுடையர்.

எஞ்சியது தணிக்கையாளரின் தடை. ஓட்டை வரிசையைக் கூட்டுத்தொகையில் எப்படிச் சேர்ப்பது, கணக்கை எப்படி முடிப்பது என்பார். சேர்க்க வேண்டாம், இந்த வரிசை கிடைக்கவில்லை, அதை விட்டு இவ்வளவு என்று எழுதலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதில் தணிக்கையாளருக்குக் கூச்சம் இருப்பின், அவர் கணக்குத் துறையை விட்டு உரையாசிரியராகப் போகலாம். அங்கே இதுவரை எவருக்கும் எந்த இடமும் விளங்காமற்போனதாகச் சான்று இல்லை.