மலையேறாத சிக்னல்

ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லைக்கு ஈரப்பதம் அளக்கும் வயர்லெஸ் சென்சார் வைத்தோம். ஒரு கிலோமீட்டர் போகும் என்று விற்றார்கள். நூறு மீட்டர்கூடத் தாண்டவில்லையே?
*வாசகர், ஜமுனாமரத்தூர்*

உங்கள் மலையிலேயே காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் பல கோடி ஒளியாண்டுக்கு அப்பால் பார்க்கிறதே! அது வானத்தைப் பார்க்கிறது. உங்கள் சென்சார் சாமைத் தாளைப் பார்க்கிறது.

முதலில் ஆன்டெனாவை மூங்கில் கழியில் கட்டி ஆளுயரத்துக்கு மேல் ஏற்றுங்கள். தரையும் ஈர இலையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே விழுங்கும். உரிமம் தேவைப்படாத 865 மெகாஹெர்ட்ஸ் ரேடியோவுக்கு மாறினால் தேவலை; அதற்குக் கம்பி ஆன்டெனா சுமார் 8.5 சென்டிமீட்டர், கால் அலைநீளம்.

ஆமாம், இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டவில்லையே? பூட்டியிருந்தால் திருடனும் உள்ளே போகமாட்டான், சிக்னலும் வெளியே வராது.