மெட்டி ஒலியா, எம் மகனா?

கேள்வி: சினிமா இரண்டரை மணி நேரத்தில் முடிக்கும் கதையை, டி.வி. சீரியல் ஏன் வருஷக்கணக்கில் இழுக்கிறது?

பதில்: இழுவை வேறு, விரிவு வேறு. 'மெட்டி ஒலி' சன் டி.வி.யில் 2002 முதல் 2005 வரை ஓடியது. ஐந்து பெண்களைக் கரையேற்றும் தகப்பன் கதைக்கு அவ்வளவு காலம் வேண்டும். நிஜத்தில் ஒரு கல்யாணக் கடன் அடையவே அத்தனை வருஷம் ஆகுமே! அதே இயக்குநர் திருமுருகன் 2006-ல் 'எம் மகன்' படத்தில் கண்டிப்பான அப்பா நாசரைக் காட்டினார். ரசித்தேன். ஆனாலும் என் ஓட்டு 'மெட்டி ஒலி'யில் டெல்லி குமார் நடித்த அப்பா சிதம்பரத்துக்கே. எந்த வீட்டு அப்பாவும் இடைவேளைக்குப் பிறகு மாறிவிடுவதில்லை. சீரியல்களில் பொறுக்க முடியாதது எதுவென்றால், ஓர் அறை விழுந்ததும் கூடத்தில் நிற்பவர்கள் முகத்தையெல்லாம் மும்மூன்று தடவை காட்டுவதுதான். அதை வெட்டினாலே பாதி சீரியல்கள் தீபாவளிக்குள் முடிந்துவிடும்.