மேகத்துக்கு ஒரு மனு

அனுப்புநர்: ஜமக்காள வியாபாரி ஒருவர், பவானி, ஈரோடு மாவட்டம்.

பெறுநர்: உயர்திரு மேலாளர் அவர்கள், மேகச் சேமிப்பகங்கள் (கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் வகையறா). கதவு எண் தெரியவில்லை.

பொருள்: கோப்புகளைப் பத்திரமாக வைத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்களது விதிமுறைகள். மனுதாரர் அவற்றைப் படிக்காமலே ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தியது.

ஐயா,

கலெக்டருக்கு மனு கொடுப்பதென்றால் திங்கட்கிழமை ஈரோட்டுக்குப் பஸ் ஏறினால் போதும். தங்களுக்கு எந்தக் கிழமை, எந்த ஜன்னல் என்று மனுதாரர் தேடிப் பார்த்ததில் ‘உதவி மையம்’ என்றொரு பக்கம் அகப்பட்டது. உதவி கேட்டு வந்தவரிடமே ‘இது உதவியாக இருந்ததா?’ என்று அது திருப்பிக் கேட்டது. ஆகவே இந்தத் திறந்த மனு.

மனுதாரர் தங்களை நம்பாதவர் அல்லர். கூடுதுறையில் காவிரியும் பவானியும் கண்ணெதிரே கூடுகின்றன. மூன்றாவதாக அமுத நதி கண்ணுக்குத் தெரியாமல் வந்து கலக்கிறது என்பது ஐதீகம். அதையும் நம்பி முங்கி எழுகிற ஊர் இது. கடைக் கம்ப்யூட்டருக்கும் வீட்டு லேப்டாப்புக்கும் நடுவே காணாத கிடங்கு ஒன்று இருக்கிறது என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பலனும் கண்டார். குழித்தறியில் இறங்கிய புது டிசைனின் படம், விலைப்பட்டியல், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் கடையில் ஏற்றினால் ஈரோட்டு ஆடிட்டர் மேசையில் திறக்கின்றன. பென் டிரைவைச் சட்டைப் பையில் மறந்து துவைக்கப் போட்ட காலம் போயிற்று.

குறை என்னவென்றால், தங்கள் ஊழியம் அளவுக்கு மீறி விசுவாசமானது. கடைப் பையன் இடத்தைக் காலி செய்கிறேன் என்று ஒரு ஃபோல்டரை அழித்தால், அடுத்த சில நொடியில் வீட்டிலும் ஆடிட்டரிடத்திலும் அதையே அழித்து முடிக்கிறீர்கள். ஒத்திசைவாம்! சொன்னதைச் செய்கிறீர்கள், சரி. கணக்குப்பிள்ளையாக இருந்தால் ‘ஏனுங்க, நெசமாத்தான் சொல்றீங்களா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் போட்டது முன்பெல்லாம் நாமாகக் கொட்டும்வரை கிடந்தது. 2020 அக்டோபர் முதல் 30 நாளில் தானே போய்விடுகிறது. வருடக் கணக்கைத் தேடுவது வருடக் கடைசியில்தான் என்பது மவுண்டன் வியூவிலுள்ள கூகுள் தலைமையகத்தில் யாருக்கும் தெரியாது போலும்.

நாமே அழிப்பது ஒரு பக்கம். 2023 நவம்பரில் கூகுள் டிரைவின் கம்ப்யூட்டர் செயலியில் பலருக்குப் பல மாதக் கோப்புகள் காணாமல் போயின. நிறுவனம் சிக்கலை ஒப்புக்கொண்டு, பிறகு மீட்கும் வழியும் வெளியிட்டது. ஒப்புக்கொண்டதற்காகத் தனியாக நன்றி.

இலவசம் பற்றி அதிகம் பேசக் கூச்சமாக இருக்கிறது. கூகுள் 15 ஜிபி தந்தது. அதற்குள்ளேயே மெயிலும் படமும் குடித்தனம். கணக்கில்லாமல் படம் ஏற்றலாம் என்ற சலுகை 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது. இலவச இடத்தை 15-லிருந்து 5 ஜிபி ஆக்குவதாக ஒன்டிரைவ் 2015-லேயே அறிவித்துவிட்டது. முதலில் தாராளம், பழகிய பிறகு வாடகை. வியாபாரிக்கு இந்த வித்தை புரியும், கோபமில்லை.

தமிழ்நாட்டுக்கென்றே ஒரு தனி வழக்கும் உண்டு. கோப்பைத் தாங்கள் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள், அதிலுள்ள தமிழ் மட்டும் சேருவதில்லை. வானவில், பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் டிடிபி கடைகள் அடித்த பழைய கடிதங்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியுமாகச் சிதறிக் கிடக்கும். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு கூடிய சமயத்தில், தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்று ஆணை போட்டது. ஆணைக்கு முந்தைய கோப்புகளுக்கு அது தெரியுமா? இதில் தங்கள் குற்றம் பாதிதான். மீதி நம் ஊர்க் குற்றம் என்பதை மனுதாரர் நேர்மையாகப் பதிவு செய்கிறார்.

இனி கொரியா. தென்கொரிய அரசு தன் ஊழியர்களுக்கென்றே ‘ஜி-டிரைவ்’ என்று ஒரு மேகம் கட்டியது. வேலைக் கோப்புகளை மேசைக் கம்ப்யூட்டரில் வைக்காதீர்கள், எல்லாவற்றையும் அங்கேயே வையுங்கள் என்றது. 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி டேஜான் நகரின் அரசுத் தரவு மையத்தில் பேட்டரிகளை இடம் மாற்றும்போது தீப்பிடித்தது. ஜி-டிரைவில் இருந்த 858 டெராபைட்டும் போயிற்று. வேறிடத்தில் நகல் இல்லையா என்றால், அளவு பெரிது, நகல் எடுக்க வசதிப்படவில்லை என்று பதில் வந்தது. பணியாளர் அமைச்சகம் சொல்பேச்சுக் கேட்டு எல்லாவற்றையும் அங்கேயே வைத்திருந்தது; அடி அதற்குத்தான் பலம். உத்தரவை மீறிச் சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி ஒளித்து வைத்தவர் யாராவது இருந்திருந்தால், அன்றைக்கு அந்த ஆபீசில் அவர்தான் ராஜா.

மேகம் என்று பெயர் வைத்தாலும் அது ஏதோ ஓர் ஊரில், ஒரு கட்டிடத்தில், பேட்டரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை அந்தத் தீ காட்டிவிட்டது. தங்கள் கிடங்குகள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் நகல் வைக்கின்றன என்று மனுதாரர் அறிவார். ஆனால் அழிக்கச் சொன்னால் அத்தனை நகலும் சேர்ந்தே அழிகின்றனவே, ஐயா.

ஆகவே, ஃபோல்டர் மொத்தமாக அழிகிறபோது உரிமையாளரின் கைபேசிக்கு ஒரு சொல் தமிழில் அனுப்பவும், குப்பைத்தொட்டிக்கு 30 நாளுக்குப் பதில் ஒரு நிதியாண்டு அவகாசம் தரவும், ‘இது ஒத்திசைவு மட்டுமே, காப்பு நகல் அல்ல’ என்று முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் போடவும் தாழ்மையுடன் வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
மனுதாரர், பவானி.

நகல்: கடை டிராயரில் பூட்டி வைத்திருக்கும் ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்று, தாளில் அச்சடித்து ஆடிட்டர் ஆபீஸ் பீரோவுக்கு ஒன்று.